அவன்ட எல்லாம் கெப்பிட்டல்ல

தொடர்பு அறுந்த பிறகும் கஜலட்சுமி தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"முதலாளி என்ன சொன்னாருடீ?" என்றாள் பக்கத்துக் கதிரையில் விற்பனைக் கணக்கு பார்க்கும் ஜஹானா.

"லைன் கரகரன்னு இருந்திச்சு. 'அவன்ட... எல்லாம் கெப்பிட்டல்ல போடுங்க'ன்னாரு. கட்டாயிருச்சு."

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இருந்த அந்தப் பேக்கரியில் விறகில் சுடுவது போறணை. மின்சாரத்தில் சுடும் அடுப்புக்கு ஆங்கிலப் பெயர்தான், 'அவன்'. போன மாதம் அந்த அவனுக்குப் புது மோட்டார், புதுக் கதவு, புது வயரிங் என்று போட்டதில் கணக்கு நட்டத்தில் விழுந்திருந்தது. இன்று கணக்காய்வாளர் வருகிறார். கஜலட்சுமியின் தகுதிகாண் காலமும் இன்றோடு முடிகிறது. கணக்கில் பிழை வந்தால் நாளைக்கு வேலை இல்லை.

'அவன்ட' என்றால் அந்த அவனுடையது என்று எடுத்துக்கொண்டு, அது சம்பந்தப்பட்ட வரிகளையெல்லாம் அவள் கணினியில் ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு மாற்றினாள். திரைக்குள் யாரோ கத்துவது போலிருந்தது.

ஜஹானா எட்டிப் பார்த்து மேசையில் விழுந்து சிரித்தாள். "எழுத்தில்லடீ! செலவுல இரிக்கிறத சொத்துக் கணக்குக்கு மாத்தச் சொல்லியிருக்காரு. அதுதான் கெப்பிட்டல்."

கஜலட்சுமி பெரிய எழுத்தையெல்லாம் மறுபடி சின்னதாக்கினாள். தமிழில் பெரிய எழுத்தே கிடையாது, இருப்பதெல்லாம் தலையெழுத்துதான் என்று நொந்துகொண்டே, அவனைச் செலவிலிருந்து தூக்கிச் சொத்தில் போட்டாள்.

நட்டம் மறைந்தது. லாபம் முளைத்தது.

"அல்லாவே, லாபம்!" ஜஹானா போட்ட சத்தம் மா பிசையும் அறை வரைக்கும் கேட்டது. வெள்ளைக் கைகளோடு ஒரு கூட்டம் வாசலில் நின்றது.

"தங்கச்சி, லாபமாமே? அப்ப போனஸ் உண்டுதானே?"

"எனக்குத் தெரியாதுண்ணே. முதலாளி சொன்னபடிதான் போட்டேன்."

"கேட்டீங்களாடா? முதலாளியே சொல்லிட்டாராம்!"

"ஐயோ, நான் அதைச் சொல்லல!"

கைதட்டலில் அவள் குரல் எடுபடவில்லை. பழையபடி மாற்றிவிடலாம் என்று அவசரமாக எதையோ அமுக்கினாள். கணினி, லாபத்தைக் காட்டியபடியே உறைந்துபோனது.

அந்த நேரம் பார்த்து முதலாளி அரூஸ், கணக்காய்வாளரோடு உள்ளே வந்தார். கூட்டம் ஒரே ஓட்டமாகக் கலைந்தது.

கணக்காய்வாளர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"யாரு போட்டது? சரியாத்தான் போட்டிருக்கு. இந்த வேலையால அவன் இன்னும் பல வருஷம் ஓடும். இது செலவில்ல, சொத்து."

முதலாளியின் முகம் மலர்ந்தது. "மாஷா அல்லாஹ்! என்ட மூளைக்கு வரல்லையே இது. மகள், நாளையிலருந்து நீங்க நிரந்தரம்."

"நீங்கதானே முதலாளி காலையில போன்ல..."

"நானா? கணக்கப் பத்தி நான் ஒண்டும் பேசல்லையே!"

கேக் அறையிலிருந்து சின்னமுத்து ஐசிங் பையோடு தலையை நீட்டினான்.

"முதலாளி, கல்யாணக் கேக்குல உங்க மருமகன் பேர சின்ன எழுத்துல போடவா, கெப்பிட்டல்ல போடவான்னு கேட்டேனே... போன்ல சொல்றேன்னீங்க, இன்னும் சொல்லலியே!"