எண்ணி ஓரமாக வைக்கப்பட்ட என் ஓட்டு

ட்வீட் ஆற்றுக்குத் தெற்கே இங்கிலாந்தில் சுகமாக இருக்க வேண்டிய இஷ்பெல் அக்காவுக்கு, வடகரை ஸ்காட்லாந்திலிருந்து தம்பி மர்டோ வணங்கி எழுதுவது. அத்தானுக்கும், நிறைமாதமாக இருக்கும் எல்ஸ்பெத்துக்கும் என் அன்பு.

"நீ பார்லிமெண்டுல மெத்தையில ஒக்காந்திருக்கே, என் பொண்ணு மலைரோட்டுல ஆம்புலன்ஸ்ல பெக்கணுமாடா?" என்று நீ போனில் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பல்வலியும் ஒரு காரணம். கன்னம் வீங்கிப் பல்லைப் பிடுங்க நாள் குறித்திருந்தும், இங்கிலாந்தின் சின்ன ஊர்களில் பிரசவ வார்டுகளை மூடக் கூடாது என்ற சட்டத் திருத்தத்துக்கு ஓட்டுப் போட லண்டன் ரயில் ஏறினேன். ரயில் பனியில் நின்றது, நான் தாடையில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஓடி, கதவு சாத்துவதற்குள் நுழைந்தேன், திருத்தம் ஜெயித்தது, நான் வலியை மறந்து கை தட்டினேன். அப்புறம்தான் சபாநாயகர் இரண்டாவது கணக்கைப் படித்தார். இங்கிலாந்துக்கு மட்டுமான விஷயமென்றால் என்னைப் போன்ற ஸ்காட்லாந்துக்காரர்களை விட்டு, இங்கிலாந்து உறுப்பினர்களின் ஓட்டைத் தனியாகவும் எண்ணுவார்களாம், அதிலும் ஜெயிக்க வேண்டுமாம். அதில் தோற்றோம். உங்கள் வார்டு போயிற்று, அக்கா.

டீ அறையில் உங்கள் தொகுதி உறுப்பினர் பெரிக்ரினைப் பிடித்தேன். எதிர்த்து ஓட்டுப் போட்ட மனுஷன், கேக் தின்றுகொண்டிருந்தார்.

"மனசுல வெச்சுக்காதீங்க மர்டோ. உங்க ஓட்டையும் எண்ணினாங்கல்ல?"

"எண்ணி?"

"எண்ணி ஓரமா வெச்சிருக்கு."

"உங்க ஊர் வார்டுய்யா அது."

"கட்சி சொல்லிச்சு. நான் என்ன பண்ண?" என்றார். கேக்கை மட்டும் கீழே வைத்தார்.

ஆகவே எல்ஸ்பெத்தை உடனே இங்கே அனுப்பி வை. பாலம் தாண்டினால் என் வீடு, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. இது என் தொகுதி. இங்குள்ள வார்டில் எவனும் கைவைக்க நான் விடமாட்டேன். குழந்தை நல்லபடியாகப் பிறந்து, உன் குரலும் அத்தானின் பொறுமையும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
வீங்கிய கன்னத்துடன்,
மர்டோ

பி.கு: அவளை அனுப்பாதே. இங்குள்ள வார்டையும் இந்த வாரத்தோடு மூடுகிறார்களாம். எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்தின் தனிச் சட்டசபைக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். "ஆஸ்பத்திரியெல்லாம் எங்க சபை பாத்துக்குதுங்க. நீங்க லண்டன் உறுப்பினர், இதுல உங்களுக்கு ஓட்டு கிடையாது" என்று ஒரு பெண் பணிவாகச் சொன்னாள். காருடன் நானே அங்கு வந்து, அவள் பெறும்வரை உங்கள் வாசலிலேயே இருக்கிறேன். எனக்கு ஓட்டத் தெரியும். ஓட்டுதான் இல்லை.