அய்யா ஏறினால் வரும் சத்தம்

"இந்தத் தவலைக்கு ஈயம் பூச எம்புட்டுய்யா கேப்பீரு?"

ராஜபாளையம் கடைவீதியில், எதிரே வந்த மாட்டு வண்டிகளுக்காகக் கார் சற்று நின்றபோது, ஒரு பெண் இடுப்பில் தவலையோடு ஓடிவந்து ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள். உள்ளே உட்கார்ந்திருந்தவர் சோழபுரம் சுந்தரபாண்டியன். அந்த வட்டாரத்தில் சொந்தக் கார் வைத்திருந்த நாலைந்து பேரில் ஒருவர். அவர் மீசை துடித்தது. ஆனால் அவள் மேல் என்ன தப்பு? டிக்கியிலிருந்து வந்த 'கடகடா' சத்தத்தைக் கேட்டால் எவருக்கும் ஈயம் பூசுகிறவர் ஞாபகம்தான் வரும்.

"ஏலே வேதமணி, வண்டிய எடுலே!"

டிரைவர் வேதமணி எடுத்தான். டிக்கி மறுபடி பாட ஆரம்பித்தது.

"இன்னிக்குத் திங்கக்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லேன்னா காக்கிச் சட்டையக் கழத்தி வெச்சுட்டுப் பழையபடி மாடு பத்தப் போயிரு. சங்கரலிங்கம்னு ஒருத்தன் லைசென்ஸக் கையில வெச்சுக்கிட்டு நிக்கான்."

வேதமணி பதினைந்து வருஷம் பருத்தி வண்டி ஓட்டியவன். இந்தக் கார் வந்த பிறகுதான் அவனுக்கு வாழ்க்கையே ஆரம்பித்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் போதும், இடப்பக்கம் மலை நீலமாகக் கூடவே வரும், மலை மேல் மேகம் வரும், மேகத்தின் மேல் செத்துப்போன அவன் அப்பா வெள்ளைக் காளை பூட்டிய வண்டியில் வருவார். "என்ன மக்கா, சொகமா?" என்பார். இந்தச் சொர்க்கத்தையா சங்கரலிங்கத்துக்கு விட்டுக்கொடுப்பது? ஆனால் பாழாய்ப்போன அந்தச் சத்தம் வந்துவிட்டால் அப்பா வரமாட்டார்.

செவ்வாய்க்கிழமை ஜாக்கி, ஸ்பானர் எல்லாவற்றையும் சாக்கில் சுற்றிக் கயிற்றால் இறுக்கினான். காலையில் அய்யா ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டுக்குக் கிளம்பினார். வேலைக்காரி இருளம்மாள் கூஜாவை டிக்கியில் வைத்துவிட்டு, வழக்கம்போல் டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தாள். அய்யா ஏறினால்தான் பழம்; டிரைவர் தனியாகப் போனால் பழமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. வேதமணி வேதக்காரன். அவள் பழம் வைத்து முடிக்கும்வரை ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, கண்ணை மூடி, தன் ஜெபத்தைச் சொல்லிக்கொள்வான். அவரவர் சாமி அவரவருக்கு.

பழம் நசுங்கியது. கார் தெருமுனை திரும்பியது. கடகட, கடகட.

அய்யாவைக் கோர்ட்டில் விட்டதும் அவன் நேரே மடவார் வளாகத்துக்கு ஓடி, மெக்கானிக் மைக்கேலைக் கையோடு கூட்டிவந்தான். மைக்கேல் டிக்கிக்குள் தலையை விட்டார். ஜாக்கியைத் தட்டினார், மூடியைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார்.

"வெயிட்டு ஏறினாச் சத்தம் வருதோ என்னமோ. நாளைக்குத் தனியா வா, ஒக்கார வெச்சுப் பாப்போம்."

அன்று சாயங்காலம் வீடு திரும்பியதும், கூஜாவை எடுக்க வந்த இருளம்மாள், "சத்தம் நின்னுதா அண்ணே?" என்று அக்கறையாகக் கேட்டாள். நல்ல பொம்பளை.

புதன்கிழமை தனியாகப் போனான். என்ன ஆச்சரியம், சத்தமே இல்லை. மலை வந்தது, மேகம் வந்தது, அப்பா வந்தார். ஒரு தடவை பார்த்தால் கார் சோளக்காட்டு ஓரத்தில் நிற்கிறது, நாலு வெள்ளாடு ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கிறது. ஆடு குறுக்கே வந்ததென்று தானே நிறுத்தியிருப்பான் போல. நல்ல பிரேக்கு என்று மெச்சிக்கொண்டு மறுபடி எடுத்தான்.

மைக்கேல் பின்சீட்டில் இரண்டு நெல் மூட்டைகளை உட்கார வைத்து, ஊரை மூன்று சுற்றுச் சுற்றச் சொன்னார். ஒரு சத்தம் இல்லை.

"வேதமணி, வண்டிக்கு ஒரு சீக்கும் இல்லப்பா. மூட்டை ஒக்காந்தாச் சத்தமில்ல. ஒங்க அய்யா ஒக்காந்தாச் சத்தம். கோளாறு எங்க இருக்குன்னு நீயே யோசி."

"அத அவியகிட்ட யாரு சொல்லுதது?"

"நான் வண்டிக்கு மட்டுந்தான் மெக்கானிக்."

அன்று ராத்திரி வேதமணி தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "அய்யா... நாளைக்கு மடியில சாவிக்கொத்து, பாக்குவெட்டி ஒண்ணும் வேண்டாமுங்க."

"நான் கடகடங்குதேன்னு சொல்லுதியா?"

ஆனாலும் மனுஷனுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. வியாழக்கிழமை எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு ஏறினார். வேதமணியும் தன் பங்குக்கு, ஜின்னிங் பாக்டரியில் கேட்டு வாங்கிய பஞ்சை டிக்கி நிறையத் திணித்திருந்தான். சத்தம் எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் மூச்சுத் திணறிச் சாகட்டும் என்பது அவன் கணக்கு.

ராஜபாளையம் தாண்டியதும் டிக்கி மூடி பிய்த்துக்கொண்டு திறந்தது. வேதமணி கண்ணாடியில் பார்த்தான். வெள்ளை வெளேரென்று மேகங்கள் மலையை விட்டிறங்கிக் காரைத் துரத்தி வந்தன. எம்புட்டு அழகு! புளியமரங்களில் ஒட்டின, எருமைகள் மேல் உட்கார்ந்தன, கடைசியில் ஜன்னல் வழியே வந்து அய்யா மீசையிலும் உட்கார்ந்தன. அத்தனை பஞ்சுக்கும் நடுவே, கடகட, கடகட.

கோர்ட்டில் அய்யாவைப் பார்த்த வக்கீல், "என்ன ஒரே நாளில் மீசை நரைத்துவிட்டது?" என்றார். போதாததற்கு, பாக்குவெட்டி இல்லாமல் முழுப்பாக்கைக் கடித்ததில் அய்யாவுக்குக் கடைவாய்ப்பல் ஒன்று போனது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, "நாளைக்கு ஒரு நாள்தாம்லே ஒனக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை. காக்கிச் சட்டையை இதுதான் கடைசி என்று நினைத்துத் துவைத்து மாட்டியிருந்தான் வேதமணி. அன்று இருளம்மாள் வீட்டில் இல்லை; தங்கச்சி மகளுக்குச் சடங்கென்று முந்தின நாள் சாயங்காலம், கூஜாவை எடுத்த கையோடு போய்விட்டாள். அய்யாவின் சம்சாரம் வெள்ளத்தாய் கோவிலுக்குப் போயிருந்தாள்.

"பழமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நேரமாச்சு, எடுலே!"

வேதமணி ஜெபத்தை மட்டும் நீளமாகச் சொன்னான். எடுத்தான். தெருமுனை திரும்பியது. காதைத் தீட்டினான்.

சத்தம் இல்லை!

ராஜபாளையம் கடைவீதி வந்தது, எவளும் தவலையோடு வரவில்லை. சுந்தரபாண்டியன் முகம் மலர்ந்தது. "பரவாயில்லலே! நீதாம்லே எனக்கு டிரைவர். சங்கரலிங்கத்தப் போகச் சொல்லிருதேன்" என்றார். அப்புறம் அவரும் கண் அசந்தார்.

வேதமணிக்குக் கண்ணில் நீர் கட்டியது. ஐந்து நாள் கவலையும் இறங்கியது. மலை வந்தது. மேகம் வந்தது. அப்பா வண்டியை ஓரங்கட்டி, "ஏறுலே மக்கா" என்றார். ஏறினான். ரோடு மெத்தென்று ஆயிற்று. தாமரை இலைகள் விலகி வழிவிட்டன, நாரைகள் மரியாதையாக எழுந்து பறந்தன. பாதத்தில் ஜில்லென்று இருந்தது. அந்த ஜில்லிப்பு மெல்ல மெல்ல முழங்காலுக்கு ஏறியது.

"ஏலே வேதமணி! கார்ல எப்பிடிலே கெண்டை மீனு?"

கண்மாய்க்குள் கார் பாதி முங்கி நின்றது. இரண்டு பேரும் தட்டுத்தடுமாறிக் கரையேறினார்கள். அய்யா சொட்டச் சொட்ட நின்று மீசையைப் பிழிந்தார்.

அப்போதுதான் வேதமணி அதைக் கேட்டான். கடகட, கடகட.

காரைப் பார்த்தான். கார் தண்ணீரில் அமைதியாக நின்றது. சத்தம் கரை மேல் வந்துகொண்டிருந்தது. சடங்கு வீட்டிலிருந்து துணி மூட்டையோடு திரும்பிக்கொண்டிருந்த இருளம்மாள் இவர்களைப் பார்த்து ஓடிவந்தாள். அவள் ஓட ஓட மூட்டை கடகடத்தது. பதறிப்போய் அதைக் கீழே போட, உள்ளேயிருந்து கூழாங்கல் நிரம்பிய தகர டப்பா ஒன்று, கழுத்தில் கயிற்றோடு உருண்டுவந்து அய்யாவின் காலடியில் நின்றது.

"அய்யோ, ஒரு நாள் நான் இல்லாமப் போயிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "பருத்தி வண்டிக்காரன் ஒறங்கிராம இருக்க அச்சுல டப்பா கட்டுத மாதிரிக் கட்டுட்டின்னு அம்மாதான் சொன்னாவ. பழம் வெக்கையில கட்டுவேன், கூஜா எடுக்கையில அவுத்துருவேன்."

வேதமணிக்குச் சோளக்காட்டு ஓரத்தில் எட்டிப் பார்த்த நாலு வெள்ளாடுகள் ஞாபகத்துக்கு வந்தன.

"அப்ப... நான் தனியாப் போகையில மட்டும் ஏன் கட்டல?"

இருளம்மாள் டப்பாவை எடுத்து முந்தானையால் பத்திரமாகத் துடைத்தாள்.

"நானும் கேட்டேன் அண்ணே. 'அவன் ஒருத்தனுக்கு எதுக்குட்டி ஒரு கயிறு வீணா'ன்னுட்டாவ."