ஆறாம் பக்கத்து வெயில் பெட்டி

பேப்பர் நடத்துற ஐயா அவர்களுக்கு,

ஐயா, நல்லா இருக்கீங்களா? வீட்ல அம்மா, பிள்ளைங்க எல்லாரும் சுகந்தானே? வேலைக்கு நடுவுல நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா? பொடி எழுத்துலயே பொழப்பு நடத்துறவரு, கண்ணைப் பாத்துக்கங்க. நானும் இங்க நல்லா இருக்கேன்னு வச்சுக்கங்களேன். நான் யாருன்னு கேட்டா, உங்க பேப்பரை தினம் வாங்குற ஆளு, அவ்வளவுதான். ரெண்டாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன். எழுத்து கோணலா இருக்கும், பேசுற மாதிரியே வரும். நீங்கதான் நிமித்திப் படிச்சுக்கணும்.

விஷயம் என்னன்னா, ஆறாம் பக்கத்துல, அடியில, இடது கை மூலையில ஒரு சின்னப் பெட்டி போடுவீங்கல்ல. பதினாலு ஊர் பேரு, ஒவ்வொண்ணுக்கும் நேரா நேத்து வெயில் எத்தனை டிகிரின்னு. அது போன வாரம் திங்கக்கிழமையிலேர்ந்து காணோம். இன்னியோட ஒம்பது நாளு. அந்த எடத்துல ரூமைக் குளுக்குளுன்னு ஆக்குற மிஷின் விளம்பரம். ஒரு பொம்பளை மிஷினுக்குக் கீழ கம்பளியைப் போத்திக்கிட்டுச் சிரிக்குது. ஏன்யா, காசு குடுத்துக் குளிரை வாங்கி, அப்புறம் கம்பளியும் வாங்கிப் போத்திக்கிறதுக்கு, பேசாம ரெண்டையும் வாங்காம சும்மா இருக்கலாம்ல. அது கிடக்கட்டும்.

முதல்ல பேப்பர் கடைக்காரர்கிட்டதான் கேட்டேன். "பெருசு, வெயில் எவ்வளவுன்னு தெரிய பேப்பர் எதுக்கு? வாசல்ல வந்து நில்லு, தெரியும்"ன்னாரு. என் வாசல் வெயில் எனக்கு எதுக்குப்பான்னேன். அவரு மீதிச் சில்லறையை எண்ணிக் கையில வச்சுட்டு அடுத்த ஆளைப் பாத்துட்டாரு. சரின்னு உங்க ஆபீசுக்கே போன் போட்டேன். ஒரு அம்மா ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குங்குது. என்னத்துக்கு எதுன்னு காதுல ஏறுறதுக்குள்ள பாட்டுப் போட்டுடுது. மூணை அமுக்கினேன். ஒரு தம்பி வந்துச்சு. ஐயா, அது ரொம்ப நல்ல தம்பி. உங்க பேர் என்ன சார்னு கேட்டுச்சு. பேரைச் சொல்லி எத்தனை நாளாச்சுன்னு அப்பத்தான் நெனச்சேன், கொஞ்சம் தடுமாறிடுச்சு. "பெட்டி எவ்வளவு பெருசு வேணும் சார்?"ன்னுச்சு. பதினாலு வரி இருந்தாப் போதும்ப்பான்னேன். "என்ன வியாபாரம் சார்?" வெயிலுன்னேன். பத்து நிமிஷம் பேசினதுக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது, அது விளம்பரம் பிடிக்கிற எடம். போனை வைக்கிறதுக்கு முன்னாடி, சாப்பிட்டியாப்பான்னு கேட்டேன். அதுக்குள்ள அந்தப் பக்கம் வச்சுட்டாங்க. பிள்ளைக்கு என்ன அவசரமோ.

அதான் உங்களுக்கே எழுதுறேன்.

நான் இருக்கிறது உங்க பெட்டியில மூணாவது வரி ஊரு. பேர் வேண்டாம், மகன் படிச்சா "எதுக்குப்பா வம்பு"ம்பான். மூணாவது வரின்னா உங்களுக்கே தெரியும், கோடையிலயும் இருபத்தி நாலு, இருபத்தஞ்சைத் தாண்டாது. இந்த ஊரை நானாத்தான் பிடிச்சு வந்தேன். யாரும் தள்ளல. வேர்வை கிடையாது, விசிறி வேண்டாம், தண்ணி குடிக்கவே மறந்துடும். குளிர்ச்சியான ஊருன்னா குளிர்ச்சியான ஊருதான். குறை சொல்ல ஒண்ணுமில்ல.

இதை யார் சொல்றாங்கன்னு கேளுங்க. முப்பத்தெட்டு வருஷம் செங்கல் சூளையில தீ போட்டவன் சொல்றேன். சூளைச் சுவத்துல ஒரு ஓட்டை இருக்கும், அதுல கண்ணை வச்சு உள்ள தீ என்ன நிறம்னு பாத்துச் சொல்றதுதான் என் வேலை. செவப்புன்னா பத்தாது. ஆரஞ்சுன்னா இன்னும் கொஞ்சம் தள்ளு. மஞ்சள் தட்டிடுச்சா, கையை எடு. டிகிரின்னு ஒண்ணு இருக்கிறதே உங்க பெட்டியைப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன். எங்க மேஸ்திரிக்குத் தலையில ஒரு முடி கிடையாது, இருந்தா தீப் பிடிச்சுக்கும்னு கடவுளே முன்கூட்டி எடுத்துட்டாருன்னு சொல்லுவோம். அவருக்கும் கல் அடுக்குற ஆளுக்கும் டீ நேரத்துல இதே சண்டைதான். பின்னாடி எந்த ஊருல போய் உக்காரலாம், சூட்டுலயா, குளிர்லயா. மேஸ்திரி சொல்லுவாரு, "குளிருக்குன்னா போத்திக்கலாம். வெயிலுக்கு எதைடா கழட்டுவ? தோலையா?" அடுக்குறவன் விடமாட்டான். "வெயில் ஊர்ல எல்லாக் கதவும் தொறந்து கிடக்கும்ணே. குளிர் ஊர்ல செத்தாக்கூட கதவைத் தட்டித்தான் சொல்லணும்." ரெண்டு பேரும் என் பக்கம் திரும்பி, "தீக்காரரே, நீங்க சொல்லுங்க"ன்னா, டீ ஆறுதுன்னு சொல்லிட்டு எந்திரிச்சுடுவேன். அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்.

கண்ணு மங்கி, ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாமப் போனதும், போதும்னு அனுப்பிட்டாங்க. சூளையில குடுத்த வீடு, அதையும் காலி பண்ணணும். வீட்டுக்காரி எனக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டா. மகன்கிட்டயா, பொண்ணுகிட்டயா, ரெண்டுல ஒண்ணு. நான் மகன்கிட்ட வந்தேன்.

மகன், மருமக ரெண்டு பேரும் தங்கமானவங்க. காலையில எட்டு மணிக்குப் போவாங்க, ஏழு மணிக்கு வருவாங்க. நடுவுல நானும் நாலு சுவரும். பக்கத்து வீட்டுக் கதவு நான் வந்ததுலேர்ந்து தொறந்து பாத்ததே இல்ல, ஆனா வாசல்ல செருப்பு மட்டும் மாறி மாறிக் கிடக்கும். பால்கனியில காலையில ஒரு பாய் அகலத்துக்கு வெயில் விழும். நாற்காலியை அதுல போட்டு உக்காருவேன். அது நகரும், நானும் நகருவேன். பதினொரு மணிக்குச் சுவத்து மேல ஏறிடும், நான் சுவத்துல ஏற முடியுமா? அப்புறம் மாடிப்படியில ஒரு சன்னலோரம் ஒரு மணி நேரம் கிடைக்கும். மேல் வீட்டு அம்மா போர்வையைத் துவைச்சு சரியா அந்த எடத்துல தொங்க விட்டுடுச்சு. அன்னைக்குக் கீழ இறங்கினேன். ஒரு கார் அப்பத்தான் வந்து நின்னுச்சு. முன்பக்கத்துல கையை வச்சுப் பாத்தேன். ஐயா, சூளைச் சுவர் மாதிரியே இருந்துச்சு. சும்மா கொஞ்சம் சாய்ஞ்சேன். கன்னத்தையும் வச்சேன். அது கூவ ஆரம்பிச்சுடுச்சு பாருங்க, ஊரே எட்டிப் பாக்குது. பத்து மாசமா மூடிக் கிடந்த கதவெல்லாம் தொறந்துச்சு. எனக்கு ஒரு பக்கம் வெக்கமா இருந்தாலும், இத்தனை பேர் இங்க இருக்காங்களான்னு ஒரு பக்கம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. சாயங்காலம் மகன் கேக்குறான், "அப்பா, எதுக்கு அந்த ஆளு காரைக் கட்டிப்பிடிச்சீங்க?" கால் தடுக்கிடுச்சுடான்னேன். இதெல்லாம் வெயில் ஆசைன்னு நெனச்சுடாதீங்க. எனக்குக் குளிர்தான் ஒத்துக்கும்.

எங்க விட்டேன்? ஆங், பெட்டி. மூணாவது வரிக்காக நான் கேக்கல. ஒம்பதாவது வரிக்காகக் கேக்குறேன். அங்கதான் எம் பொண்ணு இருக்கா.

அவளுக்குத் துணி தைக்கிற வேலை. வீடு ஒரு ரூமும் ஒரு சமையக்கட்டும். நானே கைவச்சு அடுக்கின மாதிரி சின்னதா, கச்சிதமா இருக்கும். அவளும் உங்க பேப்பர்தான் வாங்குறா, ஆனா படிக்க இல்ல, வெட்ட. சட்டைக்கு அளவு வரைஞ்சு வெட்டுறதுக்கு உங்க பேப்பர் மாதிரி வராதாம். நீங்க மாஞ்சு மாஞ்சு எழுதுறதெல்லாம் அவ கையில கழுத்துப்பட்டியாவும் கைப்பகுதியாவும் போகுது, வருத்தப்படாதீங்க. போன கோடையில பத்து நாள் அங்க இருந்து பாத்தேன். பத்தாம் நாள் பையை எடுத்துக்கிட்டு, "இந்த ஊர் வெயில் மனுசனுக்கு ஆகாதும்மா, நான் அண்ணன்கிட்டப் போறேன்"னு சொல்லிட்டேன். மாப்பிள்ளை இருந்தாரு, அவர் அம்மா இருந்தாங்க, அத்தனை பேர் முன்னாடி. அவ கத்திரிக்கோலைக் கீழ வச்சா. "முப்பத்தெட்டு வருஷம் சூளை வாயில நின்னவருக்கு என் வீட்டு வெயில்தான் சுட்டுச்சாப்பா?"ன்னா. அவ்வளவுதான் கேட்டா. அப்புறம் மறுபடி வெட்ட ஆரம்பிச்சுட்டா.

பத்து மாசமாச்சு. நான் போன் போட்டா பேத்தி எடுத்து, "அம்மா வேலையா இருக்காங்க தாத்தா"ங்குது. பின்னால தையல் மிஷின் ஓடுற சத்தம் கேக்கும். அதை ஒரு நிமிஷம் கேட்டுட்டு வச்சுடுவேன்.

அதனாலதான் ஐயா உங்க பெட்டி. நாப்பத்தி ரெண்டுன்னு போட்டிருந்தா, அன்னைக்கு அவளுக்குத் தலைவலி, சாயங்காலம் வரைக்கும் மிஷினைத் தொட்டிருக்க மாட்டான்னு தெரிஞ்சுக்குவேன். முப்பத்தெட்டுன்னா பேத்தியை வெளியில விளையாட விட்டிருப்பா. ஒரே ஒரு நாள் மழைன்னு போட்டிருந்தீங்க. நான் மாடியிலேர்ந்து இறங்கிப் போய் பேப்பர் கடைக்காரர்கிட்ட, அங்க மழையாம்ப்பான்னு சொல்லிட்டு வந்தேன். எங்கன்னு கூட அவர் கேக்கல. அதனால என்ன, எனக்கு அன்னைக்குப் பூரா நல்லா இருந்துச்சு. இப்ப ஒம்பது நாளா அவளுக்கு வெயிலா, மேகமா, ஒண்ணும் தெரியல. பதினாலு வரியும் போட எடமில்லன்னா, மத்த பதிமூணையும் விட்டுடுங்க. அந்த மிஷின் பொம்பளையைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லிட்டு, கம்பளி ஓரத்துல ஒரே ஒரு எண்ணு போட்டாலும் போதும். ஊர் பேர் கூட வேண்டாம், நான் புரிஞ்சுக்குவேன்.

உங்க ஆபீஸ்ல எழுத்துக் கோக்குறவங்க, மிஷின் ஓட்டுறவங்க, மூணை அமுக்கினா பேசுற அந்தத் தம்பி, எல்லாரையும் விசாரிச்சதாச் சொல்லுங்க. வேண்டிய அன்னைக்கு வெயிலும், வேண்டாத அன்னைக்கு நிழலும் உங்க வீட்டுக்குக் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
மூணாவது வரியில குடியிருக்கிற
சூளைத் தீக்காரர்

பின்குறிப்பு: ஐயா, கையெழுத்துக்கு மேல கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம், கீழ எழுதுறது உண்மையா இருக்கணும்னு மேஸ்திரி சொல்லுவாரு. அதனால சொல்லிடுறேன். எனக்குக் குளிர் ஒத்துக்கும்னு எழுதினது பொய். கோடையில ரெண்டு சட்டை, காலுறை, அதுக்கு மேல மகனோட பழைய கோட்டு போட்டுக்கிட்டு இதை எழுதுறேன். பொண்ணு வீட்டு வெயில் என்னைச் சுடவே இல்ல. அங்க இருந்த பத்து நாளும் எலும்பெல்லாம் இளகி, சொகமா இருந்தேன். அந்த வீட்டுல ஒரே ஒரு விசிறி. அதுக்குக் கீழதான் அவ மிஷின் இருந்துச்சு. நான் வந்ததும் மிஷினை சமையக்கட்டுக்குத் தள்ளிட்டு, விசிறிக்குக் கீழ எனக்குக் கட்டில் போட்டுட்டா. அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்து தைக்கிறா. எனக்கு விசிறி வேண்டாம் பாப்பா, நான் சூளையில இருந்தவன்னு எத்தனை தடவை சொன்னாலும், "வாயை மூடிட்டுப் படுங்கப்பா"ங்குறா. யாரோ ஒரு அம்மாவோட நீலத் துணி, அவ நெத்தி வேர்வை ஒரு சொட்டு அதுல விழுந்து திட்டாயிடுச்சு. அந்த அம்மா வந்து கத்தினப்போ இவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. நான் கட்டில்ல, விசிறிக்குக் கீழ உக்காந்திருக்கேன். உண்மையைச் சொன்னா அவ என்னை விடமாட்டா. அதான் பழியை வெயில் மேல போட்டுட்டுக் கிளம்பினேன். வெயிலுக்கு வாய் இல்ல பாருங்க. இப்ப அவ மிஷின் மறுபடி விசிறிக்குக் கீழதான் இருக்கும். நாப்பத்தி ரெண்டுன்னு நீங்க போடுற அன்னைக்கெல்லாம் நான் அதை நெனச்சுத்தான்...

மருமகளுக்கு இன்னைக்கு லீவு, உள்ளேர்ந்து கூப்பிடுது. "மாமா, சீக்கிரம் வாங்க, உங்க பொண்ணு போன்ல." பொண்ணா? "ஆமா மாமா. தினம் துணி வெட்டுறதுக்கு முன்னாடி பேப்பர்ல மூணாவது வரியைப் பாத்துட்டுத்தான் வெட்டுவாங்களாம். ஒம்பது நாளா அந்தப் பெட்டியே வரலியாம். அப்பாவுக்கு அங்க குளிரு எப்படி இருக்குன்னு கேக்குறாங்க."

ஐயா, மேல எழுதினது அத்தனையையும் அடிச்சுடுங்க. அந்தப் பொம்பளை கம்பளியோட அங்கேயே உக்காந்திருக்கட்டும். பெட்டியைத் திரும்பப் போட்டுடாதீங்க, ஒரு ரெண்டு மாசத்துக்காவது அவ போன்லயே கேட்டுக்கட்டும், இல்ல நான் நேர்ல போய் அவகிட்ட உண்மையை...