நடராசாவும் நீல வெளிச்சப் பெட்டியும்

"நித்திரையே இல்லை அங்கிள், ஒரே நுளம்புக்கடி. மாசக் கடைசியிலை வேறை அறை பாப்பம் எண்டு இருக்கிறன்" என்றான் சிவதர்ஷன்.

நடராசா குடித்த தேத்தண்ணியைப் பாதியில் கீழே வைத்தார். மனைவி போய் நாலு வருடம். மகள் லண்டனில். அரியாலையில் அந்தப் பெரிய வீட்டில் இன்னொருவர் இருமுகிற சத்தம் கேட்டதே, வங்கி வேலைக்கு வந்த இந்தப் பெடியன் முன் அறையில் குடியேறிய பிறகுதான். "வந்திட்டீரோ தம்பி?", "ஓம் அங்கிள்" என்கிற இந்த இரண்டு சொல்லுக்காகப் பின்நேரம் முழுக்க அவர் காத்திருப்பார்.

அன்றே கடைக்குப் போய், நீல வெளிச்சத்தால் பூச்சியை இழுத்துக் கம்பியில் பொசுக்கும் பெட்டி ஒன்றை வாங்கி வந்து ஹோலில் மாட்டினார்.

விளக்கு வைக்கும் நேரம் முன்கதவைச் சாத்தினால் லட்சுமி திரும்பிப் போய்விடுவாள் என்பது மனைவி வைத்துவிட்டுப் போன சட்டம். கதவு அகலத் திறந்திருந்தது. லட்சுமி வந்தாளோ தெரியாது, வெளியே ஒழுங்கையிலிருந்த ஈசலும் வண்டும் குடும்பத்தோடு வந்தன. பெட்டி படபடவென்று வெடித்தது. சிவதர்ஷனின் சோற்றுக்குள் ஒரு வண்டு விழுந்தது.

"கதவைச் சாத்துவமோ அங்கிள்?"

"இந்த நேரத்திலை கூடாது தம்பி. மற்ற லைற்றுகளை நிப்பாட்டுவம். எல்லாம் பெட்டிக்கே போகும்."

நிறுத்தினார்கள். இருட்டில் நடராசா கதிரையில் காலை இடித்துக்கொண்டார். பூச்சியெல்லாம் பெட்டிக்குப் போனது. நுளம்பெல்லாம் சிவதர்ஷனிடம் போனது.

மறுநாள் பெட்டியோடு கடைக்குப் போனார். கடையில் நின்ற ஜெசிதா சிரிப்பை அடக்கப் பாடுபட்டாள்.

"உது வெளிச்சத்துக்கு வாற பூச்சியைத்தான் இழுக்கும் ஐயா. நுளம்பு ஆக்கள் விடுற மூச்சைத் தேடித்தான் வரும்."

"அப்ப ரெண்டு பேர் சேர்ந்திருந்து கதைச்சால்?"

"இன்னும் கூட வரும்."

பஸ்ஸில் வரும்போதே முடிவெடுத்துவிட்டார். பெட்டியால் முடியாததைத் தானே செய்வது.

அன்று சிவதர்ஷன் ஹோலுக்குள் வந்ததும் நடராசா வாய் திறக்காமல் எழுந்தார். சேட்டைக் கழற்றிவிட்டு முற்றத்துக் கதிரையில் போய் இருந்து, மூச்சை நன்றாக இழுத்து இழுத்து விட்டார். நுளம்பு வந்தது. நெஞ்சு, முதுகு, காது என்று ஓரிடம் விடவில்லை. அடுத்தடுத்த நாள்களிலும் அப்படியே. உள்ளே ஒரு ஆள் இருக்க, வெளியே தனியே இருப்பது முந்திய தனிமையைவிடக் கசந்தது. ஆனாலும் முன் அறையில் நுளம்பு அடிக்கும் சத்தம் நின்றுவிட்டது. இனிப் பெடியன் போகமாட்டான் என்று சொறிந்துகொண்டே சந்தோஷப்பட்டார்.

மாசக் கடைசியில் ஓட்டோ வந்தது. அதை ஓட்டிவந்த பக்கத்து ஒழுங்கை பேதுரு, சிவதர்ஷனின் பெட்டிகளை ஏற்றினான். சிவதர்ஷன் தலையணை எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து நடராசா கேட்டார்.

"பேதுரு, இப்பவும் நுளம்பு கடிக்குதாமோ?"

"இப்ப நுளம்பே இல்லையாம் அண்ணை. இருப்பம் எண்டுதான் யோசிச்சவராம். தன்னைக் கண்டாலே நீங்கள் எழும்பி வெளியிலை போறியளாம்."