எட்டாவது பிரஷ் பாத்தீங்களா?

உலகத்தில் படம் பார்ப்பவர்கள் உண்டு, படம் பார்க்காதவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்தையும் நிம்மதியாக இருக்க விடாத மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு: யாரும் பார்க்காத படத்தைப் பார்த்தவர். அதிலும் விண்கலம், ஆய்வுக்கூடம், பச்சை வெளிச்சம், எங்கோ சொட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீர் என்று போகிற அறிவியல் திகில் படங்களில் யாரும் பார்க்காததைப் பார்த்தவர் என்றால், ஐயா, அது இந்த இனத்திலேயே வீரியம் கூடிய வகை. எந்த மருந்துக்கும் அடங்காது.

அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் ரசித்த ஏதோ ஒரு படத்தைப் பற்றி நாலு பேர் நடுவே நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். கூட்டத்தில் ஒருவர் சிரிப்பார். உதடு சிரிக்காது. மூக்கு மட்டும் சிரிக்கும்.

"ம்... பரவாயில்ல. ஆனா இதுக்கெல்லாம் அப்பன் ஒரு படம் இருக்கு. பாத்தீங்களா?"

நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருக்கவும் கூடாது. தப்பித்தவறிப் பார்த்திருந்தால் அவர் முகம் வெயிலில் வைத்த கீரையாக வாடிவிடும். "ஓ... அத இப்ப எல்லாருமே பாக்குறாங்க போல" என்பார். அத்தோடு அந்தப் படத்துக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை முடிந்தது. ஒரு படத்தை இரண்டாவது ஆள் பார்த்துவிட்டால் அது அவருக்கு எச்சில்.

இந்த இனத்தில் ஒருவரோடு நான் ஒரே வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். நம்மவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. கடையில் எல்லோரும் அவரைப் 'பாத்தீங்களா' என்றே கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. ஏன் இந்தப் பட்டம் என்று தெரிய வேண்டுமானால், உங்கள் கண்ணில் ஏதாவது கோளாறு இருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

"தாடைய இங்க வைங்க. நெத்திய முட்டுங்க. அசையாதீங்க."

அசையாமல் உட்கார்ந்திருக்கும் மனிதரைக் கண்டால் இந்த இனத்துக்கு நாக்கு ஊறும். விடுவாரா?

"கடைசி வரி தெரியுதா?"

"தெரியல."

"இந்த லென்ஸ்ல?"

"கொஞ்சம் தெரியுது."

"எட்டாவது பிரஷ் பாத்தீங்களா?"

"அது எந்த வரியில இருக்கு சார்?"

அப்புறம் என்ன? கண்ணுக்கு வந்த மனிதர் காதும் வலிக்க வெளியே போவார்.

நம்மவரின் கையிருப்பில் படங்கள் ஏராளம். பனிப் பிரதேசத்து வானிலை நிலையத்தில் சுவரெல்லாம் பாசி பிடிக்கும். ராத்திரியானால் அந்தப் பாசி, போன மாதம் செத்துப்போன சமையல்காரரின் குரலில் குறட்டை விடும். இன்னொன்றில், கட்டிடத்தில் இல்லாத மாடியில் லிஃப்ட் போய் நிற்கும். கதவு திறந்தால் வெளியே நீங்களே நின்றுகொண்டு "இடமிருக்கா?" என்று கேட்பீர்கள். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை பார்க்கும் இயந்திரத்தின் கதை ஒன்று. அதற்கு அன்பு முற்றிப்போய், யாரையும் சாக விடாது. கதைகள் என்னவோ நன்றாகத்தான் இருக்கும். அதுதான் வயிற்றெரிச்சல்! மட்டமான படங்களாக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கப் போகலாமே.

எல்லாவற்றுக்கும் மகுடம், 'எட்டாவது பிரஷ்'. விண்கலத்தில் ஏழு பேர். குளியலறை டம்ளரில் எட்டு பிரஷ். தினமும் காலையில் எட்டுமே நனைந்திருக்கின்றன. அவ்வளவுதான் கதை. கேட்டதிலிருந்து நான் குளியலறைக்குள் நுழைந்ததும் முதலில் டம்ளரைத்தான் எண்ணுகிறேன்.

ஆனால் கேட்பது வேறு, அவரோடு உட்கார்ந்து பார்ப்பது வேறு. ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை. சத்தம் கெடுக்கும் என்று மின்விசிறி நிறுத்தப்படும். உங்களுக்கு நடுக்கூடத்தில் நாற்காலி. அவருக்கு? டிவிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், உங்களைப் பார்த்த மாதிரி. ஆமாம், அவர் திரையைப் பார்க்க மாட்டார். உங்கள் முகத்தைப் பார்ப்பார். நீங்கள் எங்கே பயப்படுகிறீர்கள், எங்கே விழி விரிகிறது, எங்கே கொட்டாவியை மெல்லுகிறீர்கள் என்று சோதித்துக்கொண்டே இருப்பார்.

"இப்ப பாருங்க... இப்ப... இப்ப!"

நிறுத்துவார்.

"குளியலறையில தொங்குற அந்தத் துண்டோட கலர் மாறிச்சே, கவனிச்சீங்களா? கவனிக்கலயா? இருங்க, மறுபடி போடுறேன்."

எங்கள் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவன் நான். எத்தனையோ வாய்மொழித் தேர்வில் தேறியிருக்கிறேன். அந்தத் துண்டில் மட்டும் ஒவ்வொரு முறையும் ஃபெயில்.

கடைசியில் கேப்டனின் கை குளியலறைக் கதவின் கைப்பிடியை நோக்கி மெல்ல நீளும். திரை சட்டென்று இருண்டுவிடும். நம்மவர் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுவிடுவார்.

"முடிஞ்சுது! அவ்வளவுதான்! பேர் போடல, மியூசிக் போடல, ஒண்ணும் இல்ல! கதவுக்குப் பின்னால என்னன்னு நாமதான் யோசிக்கணும்! டைரக்டருக்கு என்னா தைரியம்!"

நம்மவரின் அக்கா பக்கத்துத் தெருவில் இருக்கிறார். இந்தத் தைரியத்தைக் கேட்டுக் கேட்டே அவருக்குத் தலைமுடி பாதி கொட்டிவிட்டதாக ஒரு புகார் உண்டு.

இப்படி இருந்த நம்மவரின் வாழ்க்கையில் ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்தார். கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில், மடங்காத முழங்கால்களை மடக்குகிற வேலை. தலைவலி என்று ஒரு நாள் கீழே இறங்கி வந்து தாடையை வைத்து, நெற்றியை முட்டி உட்கார்ந்தார். நம்மவர் வழக்கம்போல விண்கலத்தைக் கிளப்பி, துண்டைக் காட்டி, கைப்பிடி வரைக்கும் கொண்டுபோய் இருட்டில் விட்டார்.

அந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லங்க! அதுதான் அழகு!"

அவர் சிரித்தார். லென்ஸ் வழியாக அந்தச் சிரிப்பைப் பெரிதாக்கிப் பார்த்த நம்மவர் அன்றைக்கே விழுந்தார். அப்புறம் சும்மா சும்மா அவருக்கு முழங்கால் வலித்தது. சில மாதங்கள் போனபின், துணிந்து கேட்டே விட்டார்: கல்யாணம் பண்ணிக்கலாமா?

பதில் வந்தது. ஆனால் அது பதில் இல்லை.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் உங்க வீட்டுக்கு வரேன். அந்தப் படத்தப் போடுங்க. ஆனா படம் முடியற வரைக்கும் நீங்க ஒரு வார்த்த பேசக் கூடாது. ஒரே வீட்ல உங்களோட சும்மா உக்கார முடியுமான்னு எனக்குத் தெரியணும். முடிஞ்சதும் என் முடிவச் சொல்றேன்."

மலையைத் தூக்கச் சொல்லியிருந்தால் நம்மவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார். வாயை மூடச் சொன்னால்?

அந்த வாரம் முழுக்கப் பயிற்சி. நான் படத்தை ஓட்டுவேன். அவர் வாயில் கைக்குட்டையைக் கவ்விக்கொண்டு உட்காருவார். துண்டுக் காட்சி வந்தால் கைக்குட்டைக்குள்ளிருந்து "ம்ம்! ம்ம்ம்!" என்று ஒரு கன்றுக்குட்டி கத்தும்.

"டேய், இது பேச்சுல சேராதுல்ல?"

"எனக்கென்ன தெரியும்? அவங்களக் கேளு."

"கேட்டா பேசின மாதிரி ஆயிடுமேடா!"

ஞாயிறு வந்தது. போர்வை கட்டியாயிற்று. ஸ்டூல் போட்டாயிற்று. தம்பியின் வாழ்க்கைப் பிரச்சினை என்பதால் அக்காவும் வந்து சோபாவின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். அடுத்த ஓரத்தில் நான். நாற்காலியில் பிசியோதெரபிஸ்ட். நம்மவர் ரிமோட்டை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமர்ந்தார்.

படம் ஓடியது. ஆஹா, அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! டம்ளர் வந்தபோது காது சிவந்தது. துண்டு வந்தபோது கழுத்து நரம்பு புடைத்தது. புருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு "இப்ப பாருங்க" என்று சொல்ல முடியும் என்பதை அன்றுதான் கண்டேன். கண்ணில் நீர் கோத்தது. ஆனால் பேசவில்லை! அக்கா முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

கேப்டனின் கை நீண்டது. கைப்பிடி. இருட்டு.

மடை உடைந்தது.

"முடிஞ்சுது! பாத்தீங்களா? பேர் போடல, மியூசிக் போடல! அந்தத் துண்டு கலர் மாறிச்சே, கவனிச்சீங்களா? கதவுக்குப் பின்னால என்ன? சொல்ல மாட்டார்! டைரக்டருக்கு என்னா தைரியம்! நான் பேசவே இல்ல, அக்கா நீயே சொல்லு, ஒரு வார்த்த பேசினேனா?"

பிசியோதெரபிஸ்ட் அமைதியாகக் கேட்டார். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க!"

"இன்னும் இருவது நிமிஷம் இருக்கே."

அறைக்குள் விண்வெளி புகுந்தது. காற்றும் இல்லை, சத்தமும் இல்லை. அக்கா மெதுவாகப் போனை எடுத்தார், படம் எவ்வளவு நேரம் என்று தேடினார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"தம்பி... ஆமாண்டா. நம்மகிட்ட இருக்கறது முழுப் படம் இல்ல."

எப்போதோ யாரிடமிருந்தோ பென் டிரைவில் ஏற்றிய நகல். ஏறும்போதே பாதியில் நின்றிருக்கிறது. வருஷக்கணக்காக இந்த மனிதர், நின்றுபோன நகலைத்தான் துணிச்சலான முடிவு என்று ஊரெல்லாம் கண்ணைப் பிடித்துவைத்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்ப... அந்தத் தைரியம்?" என்றார் நம்மவர், ஈனக் குரலில்.

"டைரக்டருக்குத் தைரியம் இல்லடா. உன் பென் டிரைவுல இடம் இல்ல," என்றார் அக்கா.

"அது சரி," என்றார் பிசியோதெரபிஸ்ட். "படம் முடியல. நீங்க பேசிட்டீங்க."

நம்மவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதை விட, இறங்கினார். அக்கா துடித்துப்போனார். "அம்மா, அவன் முடிஞ்சுதுன்னு நெனச்சுத்தானே..."

"மிச்சத்தையும் பாப்போம்க்கா. அது வரைக்கும் என் பதில் இல்ல."

அவரே தன் போனில் படத்தை எடுத்து டிவியில் இணைத்தார். "இங்க வந்து உக்காருங்க" என்று தன் நாற்காலியை நம்மவருக்குக் கொடுத்துவிட்டு, ஸ்டூலைத் தான் எடுத்துக்கொண்டார். நம்மவர் முதல் முறையாகத் திரைக்கு நேராக உட்கார்ந்தார். "இப்ப பாருங்க" என்று சொல்ல வழியில்லை. எப்போது பார்க்க வேண்டும் என்று அவருக்கே தெரியாதே!

கைப்பிடி திரும்பியது. கதவு திறந்தது.

உள்ளே என்ன இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் பாவம். அதை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும்.

நம்மவர் அலறினார். சாதாரண அலறலா? நாற்காலியிலிருந்து துள்ளி, சோபாவின் முதுகில் ஏறி, அக்காவின் கொண்டையைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ கழுவாத! கழுவாத!" என்று திரையிலிருந்த கேப்டனுக்கு உத்தரவு போட்டார். எதைக் கழுவக் கூடாது என்று கேட்காதீர்கள். பாருங்கள். கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிவிட்டு, இன்னொரு அலறல் கேட்டதும் திரும்பிப் போய்விட்டார்.

அந்த இருபது நிமிஷத்தில் நான் தற்செயலாகத் திரும்பினேன். பிசியோதெரபிஸ்ட் திரையைப் பார்க்கவே இல்லை. ஸ்டூலில், டிவிக்குப் பக்கத்தில், கன்னத்தில் கை வைத்தபடி நம்மவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயர்கள் ஓடி முடிந்தன. நம்மவர் அக்காவின் கொண்டையை விட்டார்.

"தோத்துட்டேன்," என்றார்.

"பேசக் கூடாதுன்னுதான் சொன்னேன். அலறக் கூடாதுன்னு சொல்லலையே."

"இருட்டானப்ப பேசிட்டேனே?"

"பேசுவீங்கன்னு தெரியும். நான் இந்தப் படத்த ஏற்கெனவே மூணு தடவ பாத்தாச்சு. அன்னிக்கி கடையில முடிவப் பத்தி நீங்க சொன்னப்பவே புரிஞ்சுபோச்சு, இந்த மனுஷன் இன்னும் முடிவையே பாக்கலன்னு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா கதவு திறக்கும்போது இந்த மூஞ்சி எனக்குக் கெடச்சிருக்குமா?"

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "கடவுளே, இன்னொண்ணு!" அப்புறம் சுதாரித்துக்கொண்டு கேட்டார்: "அப்ப பதில் என்னம்மா?"

"இருட்டு வர்ற வரைக்கும் வாயத் திறக்காம உக்காந்திருந்தாருல்ல? போதும்க்கா. எனக்குச் சம்மதம்."

தன் உயிருக்குயிரான படத்தை இன்னொருத்தர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார் என்று தெரிந்தும் நம்மவர் முகம் வாடாத ஒரே நாள் அது.

அடுத்த மாதம் கல்யாணம். அதற்குள் அவர்கள் இருவரும் சேர்ந்து என்னென்னவோ படங்களைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். இப்போது எங்கள் கூடத்தில் டிவிக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல், அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல். நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதில் நான். நாலு கண்கள் என் முகத்தில்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் முகம் இதற்குள் நினைவுக்கு வந்திருக்கும்: "அட, இது அப்படியே அவனாச்சே, இத அவனுக்குக் காட்டணுமே!" காட்டுங்கள். கையில் கொடுத்து, "படிச்சுப் பாரேன், யாருமே படிச்சிருக்க மாட்டாங்க" என்று சொல்வீர்கள். சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போவீர்களா? மாட்டீர்கள். பக்கத்திலேயே நின்று, "எங்க வரைக்கும் வந்த? பென் டிரைவ் வந்துடுச்சா? இன்னும் வரலயா? சரி சரி, படி" என்பீர்கள். அவர் படிப்பார், நீங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ஸ்டூலை இழுக்கும் சத்தம் எனக்கு இங்கேயே கேட்கிறது.