சரோன் வரைந்த பெண்ணுக்கு ஒரு ஜாக்கெட்

படுத்திருக்கும் பெண்ணுக்கு எப்படி அளவெடுப்பது என்று, முப்பது வருடமாகத் தைத்து வரும் ரொபர்ட்டுக்குத் தெரியவில்லை.

"என்னங்க பண்றீங்க?" என்றபடி கடைக்குள் வந்தாள் மனைவி அருள்செல்வி.

"ஜாக்கெட் தைக்கப் போறேன்."

"யாருக்கு?"

டேப்பை நீட்டிக் காட்டினார். ஆறடிப் பலகையில் மஞ்சள் உடம்பும் நீல உதடுமாக ஒருத்தி, தலைக்குக் கையைக் கொடுத்துச் சாய்ந்திருந்தாள். தலைமுடி, இறப்பர் மரத்தில் காய்ந்து, உரித்தெடுத்த ஒட்டுப்பால். கம்மல், சோடா மூடி. மெத்தை முழுக்க, வெட்டி ஒட்டிய தேயிலைப் பக்கெட் தாளும் சவர்க்கார உறையும். உடம்பில் மட்டும் ஒன்றுமே இல்லை.

கொழும்பில் ஓவியம் படிக்கும் மகள் சரோனின் கடைசி வருடப் பரீட்சைப் படம். தோட்டத்து லயத்தில் பிறந்து கெம்பஸ் போன பிள்ளை அவள். நேற்று வந்து, கடைச் சுவரில் சாத்தி, உறையைப் பிரித்தாள். "நீங்க பாக்கணும்னுதான் கொண்டாந்தேன். நாளைக்கு மூணு மணிக்குக் கெம்பஸ் லொறி வந்து எடுத்துக்கும்ப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டாள்.

'எம் மக படம் போட்டிருக்கா' என்று எஹலியகொட பஜார் முழுக்கச் சொல்லியாயிற்று. பத்து மணிக்கு, தைத்த அங்கியை வாங்கக் கோயில் ஃபாதர் வேறு வருவார்.

"பெட்ஷீட்டப் போட்டு மூடுங்களேன்."

"மூணு தடவ மூடிட்டேன். ஃபேன் காத்துக்கு நழுவுது. ஃபேன நிப்பாட்டுனா ஃபாதருக்கு வேர்க்கும்."

சிவப்புப் பூப்போட்ட துண்டுத் துணி இருந்தது. மேல் தோளைச் சற்றே இறக்கி வெட்டி, டார்ட் மடிப்புப் பிடித்து, சரோன் விட்டுப்போயிருந்த பசையால் ஒட்டினார். அச்சாகப் பொருந்தியது.

அருள்செல்வி தள்ளி நின்று பார்த்தாள். "ஐயோ, இப்பதாங்க மோசமா இருக்கு! மொதல்ல படமா இருந்துச்சு. இப்ப பாதி உடுத்துன பொம்பளயா இருக்கு."

உண்மைதான். அவசரமாக ஒரு பாவாடை தைத்து ஒட்டினார்.

ஃபாதர் வந்தார். அங்கியைப் போட்டுப் பார்க்காமல் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரோன் செஞ்சதா?"

"ஆமாங்க ஃபாதர். எம் மக." நெஞ்சு நிமிர்ந்தது.

"ஜாக்கெட் என்னமா உக்காந்திருக்கு! புள்ளைக்குத் தையலும் வருதே!"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ரொபர்ட்டால் முடியவில்லை. "தையல் நானுங்க!"

ஃபாதரின் முகம் மாறியது. "பரீட்சைப் படத்துலயா கை வச்சீங்க? புள்ளைக்கு மார்க் போயிருமே!"

ரொபர்ட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு வருடப் படிப்பு! ஃபாதர் போனதும் ஜாக்கெட்டின் ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தார். கூடவே தோளின் மஞ்சளும் உரிந்து வந்தது.

"விடுங்க! விடுங்க!" என்று அலறினாள் அருள்செல்வி.

திரும்ப ஒட்டினார். பசை வழிந்து கறையானது. கறையை மறைக்க லேஸ் வைத்தார். லேஸ் தனியாகத் தெரிந்தது. அதை மறைக்கச் சேலை. கை வைத்துவிட்டால் அரைகுறையாக விடும் பழக்கம் அவருக்கு இல்லை. கொசுவம் ஏழு மடிப்பு. மடிப்புக்கு மடிப்பு ஒரே அகலம்.

முந்தானையை ஒட்டி முடிக்கவும் லொறி ஹோர்ன் அடித்தது. சாரதி சுதாகரன், கையில் ஓர் அட்டையுடன் இறங்கி வந்தான்.

"தம்பி, தப்பு என்னுது" என்று ரொபர்ட் முந்திக்கொண்டார். "இந்தச் சேல, ஜாக்கெட் எல்லாம் நான் ஒட்டுனது. கெம்பஸ் மேடத்துக்கிட்ட நானே வந்து சொல்றேன். புள்ளைக்கு மார்க்க மட்டும் கொறைக்க வேணாம். அவ போட்ட படத்துல ஒரு கொறையும் கெடையாது தம்பி!"

சுதாகரன் படத்தைப் பார்த்தான். அட்டையைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான்.

"எல்லாம் சரியாத்தானேங்க இருக்கு? படத்துக்குக் கீழ மாட்டச் சொல்லி உங்க மக சரோன் போன மாசமே அடிச்சு வச்ச அட்ட இது. 'வரைந்தது சரோன், உடுத்திவிட்டது அப்பா ரொபர்ட், தையல்காரர், எஹலியகொட'ன்னு போட்டிருக்கே!"