பின் ஸ்பீக்கரில் கேட்ட அரோகரா

புதுச் சாமான் வாங்கியவனுக்கு அந்தச் சாமானைவிட முக்கியம், அதைப் பார்த்து வாயைப் பிளக்க ஒரு விருந்தாளி. எனக்கு அப்படி வாய்த்தவர் என் மாமியார். அதுவும் கார்த்திகை தீபத்தன்று.

தீபம் ஏற்றும் மலைக்குப் பக்கத்திலேயே, வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிபோனதும் அப்பளம் போல மெல்லிசாக ஒரு டிவி வாங்கினோம். படம் பிரமாதம். சத்தம் மட்டும் வாய்க்குள்ளேயே முனகியது.

"பேசறது புரிஞ்சா போதுங்க. டிவிக்குக் கீழ நீளமா ஒண்ணு வைப்பாங்களே சவுண்ட் பார், அதை வாங்கிட்டு வாங்க" என்றாள் மனைவி கவிதா.

வாங்கியிருக்கலாம். ஆனால் நான் அதற்குள் யூடியூபில் விழுந்துவிட்டேன். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, மூலையில் தம் தம்மென்று அதிர ஒரு பெட்டி. இது இல்லாத வீடு ஒரு வீடா என்று ஆகிவிட்டது எனக்கு. (எங்கள் ஹாலில் நாலு பேர் காலை நீட்டினால் ஐந்தாமவர் வாசலில்தான் நிற்க வேண்டும்.) கடையில் "ரூம் எவ்ளோ பெருசு சார்?" என்று கேட்டபோது, கூசாமல் பக்கத்து வீட்டு ஹாலையும் சேர்த்துச் சொன்னேன். பின் ஸ்பீக்கர் இரண்டையும் சோபாவுக்குப் பின்னால், தெருப் பக்கத்து ஜன்னலுக்கு அடியில் வைத்தேன். அன்றிலிருந்து வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் பிடித்து உட்கார வைத்து, "பின்னாடி கேக்குதா? பின்னாடி கேக்குதா?" என்று உயிரை வாங்கினேன்.

மாமியாருக்கு, அதாவது அத்தைக்கு, ஊர் செங்கம் பக்கம். தீபத்தன்று பகல் முழுக்க விரதம் இருந்து, மலை உச்சியில் சுடர் எழும்பும் அந்த நொடியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சாப்பிடுவார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு வருஷம் கூடத் தவறியதில்லை. எங்கள் மொட்டை மாடியிலிருந்து மலை நேராகத் தெரியும் என்பதற்காகவே முட்டி வலியோடு பஸ் ஏறி வந்திருந்தார்.

சாயங்காலம் கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வரும் அந்த நேரத்தில்தான் மலையில் தீபம் ஏற்றுவார்கள். தெருவே மாடியேறிவிட்டது. கவிதாவும் அகல் தட்டோடு மேலே போனாள்.

"மாப்ள, நானும் இப்பவே மேல போயிடறங்க. படி ஏற எனக்கு நேரம் ஆவும்."

"இருங்க அத்தை, தூறல் வேற போடுது. டிவில பாத்துக்கிட்டே இருப்போம். சாமி கிளம்பறப்ப நான் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போறேன்" என்றேன். (தூறல் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. ஸ்பீக்கரைக் காட்ட வேண்டுமே!)

டிவியில் கூட்டம் கொடிமரத்தைப் பார்த்தபடி காத்திருந்தது. திடீரென்று எங்கள் முதுகுக்குப் பின்னால் "அரோகரா!" என்று ஒரு பெரும் சத்தம்.

அத்தை திடுக்கிட்டுத் திரும்பினார். "வெளிய அரோகரா போடறாங்க மாப்ள!"

"வெளிய இல்லீங்க அத்தை, பின் ஸ்பீக்கர்! கூட்டத்துக்கு நடுவுல நிக்கிற மாதிரி இல்ல?"

"வெடி கூட வெடிக்குதே?"

"அதுவும் அதுலதான்!" என்று பெருமையாகச் சத்தத்தை இன்னும் ஏற்றினேன்.

மாடிப்படியில் தடதடவென்று கவிதா ஓடி வந்தாள். "அம்மா! ஏத்தியாச்சும்மா! மேலருந்து கத்தறனே, காதுல உழல? இங்க இன்னா பண்றீங்க ரெண்டு பேரும்?"

நேரலை என்று டிவியில் வருவது நிஜத்துக்குச் சற்றுப் பின்னால்தான் வரும் என்பதை எந்த யூடியூப்காரனும் எனக்குச் சொல்லவில்லை. கவிதா கேட்டு முடிக்கவும், ஆறு பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்து "அரோகரா!" என்று அலறின. என்னைப் பார்த்து அலறியது போலவே இருந்தது.

அத்தையைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றினேன். மேலே போனபோது தீபம் நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. அத்தை கையைக் கூப்பி வெகுநேரம் நின்றார். திட்டியிருந்தால் தேவலாம். "எரியறதையாவது பாத்தனே, அது போதுங்க மாப்ள" என்றார், என் பக்கம் திரும்பாமலேயே. எனக்கு மாடியிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது. அவர் அத்தனை வருஷமாகக் காப்பாற்றி வந்ததை, ஒரு ஸ்பீக்கரைக் காட்டிக்கொள்ள நான் கெடுத்துவிட்டேன். அன்று ராத்திரி அத்தை இரண்டு வாய் சாப்பிட்டார். எனக்கு அதுவும் இறங்கவில்லை.

பின் ஸ்பீக்கர்கள் இப்போது பரணில் இருக்கின்றன. அடுத்த தீபத்துக்கு அத்தை மத்தியானமே மாடியேறி, நாற்காலியும் குடையுமாக மலையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நல்ல மழை பிடித்துக்கொண்டது. படியில் நின்று, "அத்தை, நனையறீங்க. நேரம் இருக்கு, கொஞ்சம் கீழ வாங்க" என்று கூப்பிட்டேன்.

அத்தை திரும்பவே இல்லை. பக்கத்திலிருந்த மகளிடம் கேட்டார்:

"பின்னாடி ஏதோ சத்தம் கேக்குதே. நெசமாவே உம் புருஷனா, இல்ல ஸ்பீக்கராடி?"